படுத்தால் வராது

எங்கள் வீட்டில் ஆண்கள் இருந்துதான், அதாவது உட்கார்ந்துதான், சலம் போக வேண்டும். சலம் என்றால் சிறுநீர். யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வோம். இந்தச் சொல்லால் எனக்கு ஒரு வில்லங்கம் வந்தது என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

சுவிட்சர்லாந்தில், லாங்கன்தாலில் இப்போதிருக்கும் வீட்டுக்கு வந்த முதல் கிழமையே மனைவி அந்தச் சட்டத்தைப் போட்டுவிட்டாள். கழிப்பறை கழுவுவது அவள். நின்று போகிற எல்லா ஆம்பிளையளும் நான் சிந்துவதில்லை என்றுதான் சொல்லுகினம், அப்ப தரையை ஆர் நனைக்கிறது என்று கேட்டாள். அன்றிலிருந்து இருந்துதான் போகிறேன். உண்மையைச் சொன்னால் அது எனக்குப் பிடித்தும்விட்டது. தொழிற்சாலையில் நாள் முழுக்க மெஷினுக்கு முன்னால் நின்றுவிட்டு வருகிறவனுக்கு, எந்தக் காரணத்துக்காகவென்றாலும் கொஞ்ச நேரம் இருக்கக் கிடைப்பது நல்ல விஷயம்.

மனைவியின் தம்பி இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவன் எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலில் சமையல்காரன். பனிக்காலம் முடிந்து ஹோட்டல் பூட்டுகிற நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்து நிற்பான். வந்த அன்றே அக்காவும் தம்பியும் இந்த விஷயத்தில் பிடுங்குப்படத் தொடங்கிவிடுவார்கள். ஆணின் உடம்பு நின்று போவதற்கென்றே அமைந்தது, இருந்து போனால் அடியில் மிச்சம் தங்கும், பிறகு அது நோய் வருத்தமாக வந்து நிற்கும் என்பது அவன் கட்சி.

“நீ என்ன டொக்டரோ?” என்று அவள் கேட்பாள்.

“டொக்டர்மாரும் நிண்டுதான் போறாங்கள்” என்பான்.

“நீ போய்ப் பாத்தனியோ?”

நான் இரண்டு பக்கமும் சேராமல் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பேன்.

போன மாசி மாதம் அவன் எங்களை எங்கடினுக்குக் கூப்பிட்டான். அரை நாள் லீவு எடுத்து, சறுக்கு வண்டியில் மலையிலிருந்து இறங்குகிற பாதைக்குக் கூட்டிக்கொண்டு போனான். இந்த நாட்டில் இத்தனை வருடம் இருந்தும் நான் அதில் ஏறியதில்லை. ஐம்பது வயது தாண்டியவன் ஏன் இப்போது ஏற வேண்டும் என்று கேட்டேன். “அத்தான், நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. சும்மா இருந்தால் போதும், அது தன்பாட்டிலை போகும்” என்றான்.

உச்சியில் ஒரு சின்னக் கடை இருந்தது. குளிர் மூக்கைக் கடித்தது. சூடான அப்பிள் பானம் விற்றார்கள். எனக்குப் பெரிய கோப்பையில் ஒன்று, மனைவி குடித்துவிட்டு மிச்சம் விட்டதில் பாதி, பிறகு மச்சான் வாங்கித் தந்த இன்னொன்று. அதற்குப் பிறகு அவள் பிளாஸ்கில் கொண்டுவந்திருந்த தேத்தண்ணி. எல்லாம் உள்ளே போனது.

மனைவிதான் முதலில் இறங்கினாள். பயந்துகொண்டு போவாள் என்று நினைத்தேன். அவள் சின்னப் பிள்ளை மாதிரிக் கூவிக்கொண்டு, கால் இரண்டையும் தூக்கியபடி போய் வளைவில் மறைந்தாள். அதைப் பார்த்து எனக்கும் ஒரு உசார் வந்துவிட்டது. நானும் காலைத் தூக்கினேன். வளைவு வந்தது. நான் வளையவில்லை. பனிமேட்டில் வண்டி முட்டியதும் எனக்குத் தெரிந்தது வானம் மட்டும்தான். நல்ல நீலமாக, ஒரு முகில்கூட இல்லாமல் இருந்தது. பிறகு முதுகு அடிபட விழுந்தேன்.

மீட்புக்காரர்கள் வந்து கால் விரலை ஆட்டச் சொன்னார்கள். ஆட்டினேன். கையை ஆட்டச் சொன்னார்கள். ஆட்டினேன். முதுகின் அடியில், நாரி நோகிறது என்றதும் என்னை ஒரு பலகையோடு சேர்த்துக் கட்டி, வலிக்கு ஊசியும் போட்டார்கள். அந்த ஊசிக்குப் பிறகு உலகத்தில் எல்லாமே எனக்குப் பகிடியாகத் தெரிந்தது. கீழே வந்து சேர்ந்தபோது முகம் வெளிறி நின்ற மனைவியைப் பார்த்து, “நீ நல்லா ஓட்டினனீ” என்று சிரித்தேனாம். தலையிலும் அடிபட்டுவிட்டது என்று அவள் மீட்புக்காரரிடம் முறையிட்டாளாம்.

பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். நாரியில் ஒரு எலும்பில் கோடு மாதிரி ஒன்று தெரிகிறது, அது புதுசோ பழசோ என்று பெரிய டொக்டர்தான் சொல்ல வேண்டும், அவர் ஒரு சத்திரசிகிச்சையில் நிற்கிறார் என்றார் ஒரு இளம் டொக்டர். அதுவரைக்கும் எழும்பக் கூடாது, இருக்கக் கூடாது, முதுகு வளையவே கூடாது. மரக்குற்றி மாதிரிக் கிடக்க வேண்டும். கையில் சேலைன் ஏற்றி, இரண்டு கட்டில் உள்ள ஒரு அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பேப்பர் வேலை முடிக்க மனைவியையும் மச்சானையும் கீழே கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் கூரையைப் பார்த்துக்கொண்டு, “ஐயோ அம்மா” என்றேன்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல், “சார், நீங்க தமிழா?” என்றது.

திரையை விலக்கிக்கொண்டு ஒரு முகம் வந்தது. முப்பது வயதிருக்கும். வலது கையை மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கோயம்புத்தூர்ப் பொடியன், சூரிச்சில் கம்ப்யூட்டர் என்ஜினியர். அலுவலகத்து ஆட்களோடு பனிச்சறுக்குப் பழக வந்து, முதல் பாடத்திலேயே தோள்பட்டைக்கு முன்னால் இருக்கிற எலும்பை முறித்துக்கொண்டானாம். நாளைக்கு ஒப்பரேஷன். அவனுக்கும் அதே ஊசிதான் போட்டிருந்தார்கள் போல. கண் இரண்டும் மினுங்கியது. எங்கே விழுந்தீர்கள், எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டு, நான் சொல்லச் சொல்லச் சிரித்தான். சிரித்த ஒவ்வொரு முறையும் எலும்பு நொந்து முகம் கோணினான்.

அப்போதுதான் அந்த அப்பிள் பானமும் தேத்தண்ணியும் சேலைனும் சேர்ந்து கதவைத் தட்டின.

“தம்பி, எனக்குச் சலம் முடுக்குது” என்றேன்.

“இதோ அண்ணா” என்று எழுந்தான். இடது கையால் மெல்ல ஜக்கைத் தூக்கி, கண்ணாடிக் குவளை நிரம்பத் தண்ணீர் ஊற்றி, அரைவாசியைத் தன் காலில் சிந்தி, என் வாயருகே கொண்டுவந்து பிடித்தான். அவன் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடித்தேன்.

“இன்னும் வேணுமா அண்ணா?”

“தம்பி, நான் கேட்டது குடிக்கிற தண்ணி இல்லை. வாற தண்ணி.”

“ஜலம்னுதானே சொன்னீங்க?”

“சலம். ஒண்டுக்கு.”

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். பிறகு குவளையைப் பார்த்தான். விளங்கியதும் அப்படியே தன் கட்டிலில் போய் விழுந்து, தோளைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ அண்ணா, சிரிக்க வைக்காதீங்க, ப்ளீஸ்” என்று அழுகிற மாதிரிச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. எனக்குச் சிரிக்கச் சிரிக்க முடுக்கியது.

மணியை அடித்தோம். தாதி வந்தாள். உயரமான, நிதானமான பெண். கழுத்து வளைந்த பிளாஸ்டிக் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்தாள். ஜெர்மனில் அதை வாத்து என்பார்களாம். பார்த்தால் வாத்து மாதிரித்தான் இருந்தது. போர்வைக்குக் கீழே எப்படி வைப்பது என்று காட்டிவிட்டு, திரையை இழுத்துவிட்டுப் போனாள்.

நான் வாத்தோடு தனியாகக் கிடந்தேன். வெளியே வருவதற்கு எல்லாம் ஆயத்தமாக இருந்தது. வரவில்லை. முக்கினேன். நாரி நொந்தது. முக்காமல் இருந்து பார்த்தேன். அப்போதும் வரவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு சலம் போகக்கூடாது என்றுதான் எனக்கு வாழ்க்கையில் முதன்முதலாகப் பழக்கியிருப்பார்கள். அந்தப் பாடத்தை உடம்பு இவ்வளவு நன்றாக ஞாபகம் வைத்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“அண்ணா, ஆச்சா?”

“இல்லைத் தம்பி.”

“டென்ஷன் ஆகாதீங்க.”

தாதி திரும்பி வந்து வெறும் வாத்தைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. படுத்தபடி போவது ஆரோக்கியமான ஆண்களுக்கும் கஷ்டம்தான் என்றாள். நிமிர்ந்திருக்கும்போது வயிற்றின் பாரம் மேலே இருந்து அழுத்தி உதவுகிறது. படுத்தால் அந்த உதவி இல்லை. அடியிலுள்ள தசைகளும் இளகிக் கொடுக்காது. வலிக்குப் போட்ட ஊசியும் கொஞ்சம் மறித்துக்கொண்டிருக்கும். “உங்களில் ஒரு பிழையும் இல்லை. உடம்பு இது இடமில்லை என்று நினைக்கிறது” என்றாள். கொஞ்சம் பார்ப்போம், வராவிட்டால் குழாய் போட்டு எடுக்க வேண்டிவரும் என்று அதே சாந்தமான குரலில் சொல்லிவிட்டுப் போனாள்.

குழாயை எங்கே போடுவார்கள் என்று பொடியன் கேட்டான். நான் சொன்னேன். அவன் இடது கையால் தன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

மனைவியும் மச்சானும் வந்தார்கள். என்னைவிடப் பொடியன்தான் முந்திக்கொண்டு நிலைமையை விளங்கப்படுத்தினான். சலம், ஜலம் கதையையும் சேர்த்துத்தான். மனைவி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். பயம் எல்லாம் போய், அவளுடைய வாய் ஓரத்தில் சிரிப்பு வந்ததை நான் கண்டேன்.

“இஞ்சரப்பா, உண்மையா வருதில்லையோ?”

“வந்தால் நான் ஏன் உங்களோடை கதைச்சுக்கொண்டு கிடக்கிறன்?”

மச்சான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, “அத்தான், இது இருந்து போய்ப் பழகினதாலை வந்த வினை. நிண்டு போற ஆம்பிளைக்கு இந்தப் பிரச்சினை வராது” என்றான்.

“நிண்டு போறவன் படுத்துக்கொண்டு போறதுக்கும் பழகியிருக்கிறானோ?” என்றாள் அக்கா.

“நிண்டால் நரம்பு பலமா இருக்கும்.”

“எந்த நரம்பு? சொல்லு பாப்பம்.”

என் வயிற்றுக்கு மேலால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சண்டை போனது. பொடியன் இடது கைப் பெருவிரலால் போனில் தேடிக்கொண்டிருந்தான். “இதோ, இருக்கு” என்றான். இரண்டு பேரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

“ஆரோக்கியமான ஆம்பளைங்களுக்கு நின்னாலும் சரி, உக்காந்தாலும் சரி, பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்லையாம். ப்ராஸ்டேட் வீங்கினவங்களுக்கு மட்டும் உக்காந்தா கொஞ்சம் நல்லா காலியாகுமாம்.”

“பாத்தியோ” என்றாள் மனைவி.

“வித்தியாசம் இல்லை எண்டுதானே போட்டிருக்கு” என்றான் மச்சான். “அப்ப நிண்டும் போகலாம்.”

“வித்தியாசம் இல்லாட்டி ஏன் நிண்டு என்ரை தரையை நாசமாக்கிறாய்?”

“தம்பி, படுத்தால் என்ன எண்டு அதிலை போட்டிருக்கோ?” என்று கேட்டேன்.

பொடியன் வாசித்துப் பார்த்துவிட்டு, “அதான் அண்ணா கஷ்டமாம்” என்றான்.

மச்சானுக்கு ஒரு யோசனை வந்தது. தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டால் வரும் என்றான். கழிப்பறைக் கதவைத் திறந்து குழாயைத் திறந்துவிட்டான். நாலு பேரும் மூச்சுக் காட்டாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். நல்ல சத்தம். நான் வாத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

“ஸாரி அண்ணா” என்றான் பொடியன். “எனக்கு வருது.”

ஓடிப் போனான். கொஞ்சத்தில் உள்ளேயிருந்து, ஒற்றைக் கையால் காற்சட்டை நாடாவை அவிழ்க்க முடியவில்லை என்று மச்சானைக் கூப்பிட்டான். மச்சான் போய் அவிழ்த்துவிட்டு வெளியே வந்து நின்றான். பொடியன் வந்ததும் தான் உள்ளே போனான். அவன் வந்ததும் மனைவி, “எனக்கும் அந்தச் சத்தம் கேட்டு…” என்று சொல்லிக்கொண்டு போனாள். போகும்போது, “ரெண்டு பேரும் தரையைத் துடைச்சனீங்களோ?” என்று கேட்டுக்கொண்டுதான் போனாள்.

அந்த அறையில் எல்லோருக்கும் சுகமாகிவிட்டது. எனக்கு மட்டும் வரவில்லை.

தாதி சின்ன மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து அடிவயிற்றில் வைத்துப் பார்த்தாள். நிரம்பிவிட்டது என்றாள். அதை எனக்கு மெஷின் சொல்லத் தேவையில்லை. முகத்தைப் பார்த்தேன். குழாய் என்று சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் கட்டிலின் காலடியைப் பார்த்து யோசித்தாள். போனில் யாரோடோ கதைத்தாள். பிறகு சொன்னாள், முதுகை வளைக்கத்தான் கூடாது, கட்டிலையே முழுதாகச் சரிக்கலாம், டொக்டர் ஓம் சொல்லிவிட்டார்.

ஒரு பொத்தானை அமத்தினாள். தலைமாடு மெல்ல உயர்ந்தது. காலடி இறங்கியது. நான் நேராகப் படுத்தபடியே சரிந்து போய், உள்ளங்கால் கட்டிலின் அடிப்பலகையில் முட்டி நின்றது. நின்றது என்றும் சொல்ல முடியாது, படுத்தது என்றும் சொல்ல முடியாது. சுவரில் சாத்தி வைத்த ஏணி மாதிரி இருந்தேன். கூரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு யன்னலும் மலையும் மனைவியின் முகமும் தெரிந்தன. ஊசியின் மிச்சமும் அந்தச் சரிவும் சேர்ந்து தலை இன்பமாகச் சுற்றியது.

தாதி திரையை இழுத்துவிட்டுப் போனாள். வயிற்றின் பாரம் கீழே இறங்குவது எனக்கு விளங்கியது. எல்லாம் வாசலில் வந்து நின்றது. ஆனால் திரைக்கு வெளியே மூன்று பேர் காது கொடுத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய மூச்சுக்கூடக் கேட்டது.

“ஆராவது ஏதாவது கதையுங்கோ” என்றேன்.

“என்னத்தைக் கதைக்கிறது?” என்றான் மச்சான்.

“எதையாவது. என்னைப் பற்றி மட்டும் வேண்டாம்.”

முழுநாளும் கதைத்துத் தள்ளிய மூன்று பேருக்கும் அப்போது பார்த்து ஒரு கதையும் வரவில்லை. கடைசியில் பொடியன்தான் கேட்டான், “அண்ணே, ஹோட்டல்ல நம்ம ஊர் ஐட்டம் ஏதாவது போடுவீங்களா?”

“நம்மடை சாப்பாடு போட விடமாட்டாங்கள்” என்றான் மச்சான். “ஆனால் நான் ஒருநாள் ரோஸ்டிக்குள்ளை சரக்குப் போட்டுப் பாத்தன்.”

“ரோஸ்டின்னா உருளைக்கிழங்கு வறுவல்தானே? அதுல சரக்கா?”

“ஓம். கொஞ்சம்தான். வந்தவங்களுக்குப் பிடிச்சுப்போட்டுது. இன்னும் போடு எண்டு கேட்டவங்கள்.”

“கேக்க மாட்டாங்களா பின்ன. கிச்சன்லயே சரக்கு வெச்சிருப்பீங்களா?”

“அக்கா வருசா வருசம் வறுத்து இடிச்சுத் தருவா.”

பொடியன் மெல்லிய குரலில், “அக்காவா? சரக்கை வறுத்து இடிப்பாங்களா?” என்று கேட்டான்.

“மல்லி, மிளகு, சீரகம் எல்லாம் போட்டு. சரக்குத்தூள்” என்றாள் மனைவி. “நீங்கள் அதை என்னெண்டு சொல்லுவியள்?”

“அக்கா, எங்க ஊர்ல சரக்குன்னா பிராந்தி, விஸ்கி.”

மச்சான் வெடித்துச் சிரித்தான். மனைவி, “ஐயோ கடவுளே, இந்தப் பிள்ளை என்னை என்னெண்டு நினைச்சிருக்கு” என்று சிரித்தாள். பொடியன், “அம்மா, தோளு, தோளு” என்று கத்திக்கொண்டே சிரித்தான். என் மனைவி உரலில் பிராந்தி இடிப்பது என் கண்ணுக்கு முன்னால் வந்தது. நானும் சிரித்தேன். நாரி நொந்தது, அதைப் பொருட்படுத்தாமல் சிரித்தேன். நான் மறந்துபோன அந்த நேரம் பார்த்து அது வந்தது.

வாத்துக்குள் சத்தம் பெரிதாகக் கேட்டது. வெளியே சிரிப்பு சட்டென்று நின்றது. எனக்கும் நின்றுவிட்டது.

“நிப்பாட்டாதேங்கோ. கதையுங்கோ” என்று கத்தினேன்.

மூன்று பேரும் ஒன்றாகக் கதைக்கத் தொடங்கினார்கள். பொடியன் கோயம்புத்தூர் வெயிலைப் பற்றிச் சொன்னான். மனைவி யாருமே கேட்காமல் மீன் குழம்புக்குப் புளி கரைப்பது எப்படி என்று சொன்னாள். மச்சான் எங்கடின் ரயில் எந்தெந்த ஸ்டேஷனில் நிற்கும் என்று வரிசையாக ஒப்புவித்தான். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்டிருக்காது. நான் சரிவில் சாய்ந்து யன்னலால் மலையைப் பார்த்துக்கொண்டு போய்க்கொண்டேயிருந்தேன். அவ்வளவு சுகத்தை நான் சமீபத்தில் அனுபவித்ததில்லை. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. வாத்தின் பாரம் கையில் ஏறிக்கொண்டே போனது. பிறகு எனக்கு வேறு ஒரு பயம் பிடித்தது.

“மச்சான், ஓடிப்போய்த் தாதியிட்டை இன்னொரு வாத்து வாங்கிக்கொண்டு வா.”

அவன் நடைபாதையில் ஓடிய சத்தம் கேட்டது. இரண்டாவது வாத்தோடு அவளே வந்தாள். நிரம்பிய முதலாவதைக் கையில் வாங்கி, அளவைப் பார்த்து, “பிராவோ” என்றாள். அதுவரை அவள் சிரித்து நாங்கள் காணவில்லை.

கட்டிலைப் பழையபடி மட்டமாக்கிக் கொஞ்சம்தான் ஆகியிருக்கும், பெரிய டொக்டர் வந்தார். படத்தைப் பார்த்துவிட்டாராம். அந்தக் கோடு பழைய கோடு, எப்போதோ விழுந்திருப்பீர்கள், எலும்பில் ஒன்றும் இல்லை, சதை அடிபட்டிருக்கிறது அவ்வளவுதான், எழும்பலாம், நடக்கலாம், இன்றிரவு மட்டும் இங்கே தங்கிவிட்டுப் போங்கள் என்றார். நாங்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நல்ல செய்தி சொன்னால் ஏன் இவர்கள் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. தாதி அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லியிருப்பாள். நடைபாதையில் அவர் சிரிப்பதும் கேட்டது.

தாதி பிடித்து எழுப்பிக் கட்டில் விளிம்பில் இருத்தினாள். கழிப்பறைக்குப் போனால் இன்றைக்கு நிற்க வேண்டாம், கனநேரம் படுத்துவிட்டு எழும்பி நின்று போகிற ஆண்கள் தலைசுற்றி விழுவதுண்டு என்றாள். மச்சான் யன்னலுக்கு வெளியே பார்த்தான். அவனுக்குப் பின்னேர வேலை இருந்தது. என் தோளைத் தொட்டு, “போட்டு வாறன் அத்தான்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

சூப்பும் பாண் ரொட்டியும் வந்தன. மனைவி பொடியனுடைய பாணைப் பிய்த்து சூப்பில் போட்டுக் கொடுத்தாள். நாளைக்கு ஒப்பரேஷன் என்பதால் இன்று நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று என் சூப்பில் பாதியையும் அவனுக்கு ஊற்றினாள். அவனுக்கு இங்கே சொந்தக்காரர் யாரும் இல்லை. ஒப்பரேஷன் முடிந்ததும் நேராக லாங்கன்தாலுக்கு வந்து ஒரு கிழமை நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அவன் வருகிறேன் என்றான். “ஆனா அக்கா, அந்தச் சரக்கை நான் பாக்கணும்” என்றான்.

பின்னேரம் அவனுடைய அலுவலகத்து ஆட்கள் பனிச்சறுக்கை முடித்துக்கொண்டு அவனைப் பார்க்க வந்தார்கள். சிவந்த முகங்களும் கனத்த சப்பாத்துகளுமாக அறை நிறைந்துவிட்டது. அவனுடைய எலும்பைப் பற்றித்தான் கேட்டார்கள். அவன் அதை ஒரு வசனத்தில் முடித்துவிட்டு, ஆங்கிலத்தில் என் கதையைத் தொடங்கினான். தண்ணீர் கொண்டுவந்து தந்த இடத்தை எழுந்து நடித்தே காட்டினான். எனக்கு எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை. மனைவி பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

கதை முடிந்ததும் அவனுடைய மேலதிகாரி, நரைத்த தாடிக்காரச் சுவிஸ்காரர் ஒருவர், என் கட்டிலுக்குக் கிட்ட வந்தார். கனம் பண்ணுகிற மாதிரிக் கையுறையைக் கழற்றினார். எனக்குக் கை கொடுத்து, உண்மையாகவே வாழ்த்துகிற முகத்தோடு, வாழ்த்துகள் என்றார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வரிசையாக வந்து கை தந்தார்கள். நான் எல்லோருக்கும் அவர்களின் மொழியிலேயே நன்றி, டாங்க என்றேன்.